மலையேறும் மரம்

'பொறி' என்னும் ஒரு சொல்லுக்குத் தமிழ் எத்தனை பொருள்களைச் சுமத்தியிருக்கிறது என்பதை நண்பர்கள் என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா? தீயின் சிறு துளி பொறி. மெய், வாய், கண், மூக்கு, செவி ஐந்தும் பொறி. இயந்திரம் பொறி. எலிக்கு வைப்பதும் பொறிதான். சேரன் இமயத்தில் இட்டதாகப் பழந்தமிழ் இலக்கியம் பெருமையோடு பேசும் வில் அடையாளமும் பொறியே. கல்லிலும் செம்பிலும் எழுத்தை வெட்டினால் அது பொறித்தல். வகுப்பறையில் இப்பொருள்களைத் தனித்தனியே சொல்லிக் கொடுத்து, மாணவர்கள் தேர்வில் தனித்தனியே எழுத, மதிப்பெண் இட்டுப் பல ஆண்டுகள் ஓடிவிட்டன. இவையெல்லாம் ஒன்றாகக் கூடி நிற்கும் ஒரு பொருளைக் கடந்த ஓராண்டாகக் கண்முன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அது மரத்தில் எழுத்தும் உருவும் சுட்டுப் பொறிக்கிற லேசர் பொறி.

'பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்பது மரியாதைப் பன்மை அன்று. நாங்கள் இருவர். ஒரே கல்லூரியில் ஒருவர் தமிழும் மற்றவர் இயற்பியலும் கற்பிக்கிறோம். இருவருக்கும் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இருவரில் எவர் இதை எழுதுகிறார் என்பது முதற் பத்தியைப் படித்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கியிருக்கும். இயற்பியலார் சவ்வாது மலையின் நெல்லிவாசல்நாட்டில் பிறந்தவர், மலையாளிப் பழங்குடி மரபினர். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று திருப்பத்தூர்ப் பக்கத்து மலையில் மூன்று நாடுகள் இன்றும் 'நாடு' என்ற பெயரோடேயே இருக்கின்றன. நாடு என்ற சொல்லுக்குச் சங்க காலத்திலும் சோழர் கல்வெட்டுகளிலும் இருந்த சிறுநிலப்பரப்பு என்னும் பொருள் சமவெளியில் தேய்ந்து மறைந்த பின்னும் மலைமேல் தங்கியிருக்கிறது. முன்பு வேலூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி 2019 நவம்பரில் பிறந்த திருப்பத்தூர் மாவட்டத்தில் இப்போது உள்ளது.

பொறியை வாங்கியவர் இயற்பியலார். பத்து வாட் ஒளித்திறன் கொண்ட டையோடு வகை. நான்கு அலுமினியச் சட்டம், இரண்டு திசைகளில் ஓடும் பட்டை, நடுவே தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு தலை. இவ்வளவுதான் உருவம். அதை வைத்துக்கொள்ள இடம்தான் வாய்க்கவில்லை. மரம் கருகும் வாடை அடுக்ககத்தில் மேல்தளம் வரை போகும். அண்டை வீட்டார் இருமுறை பொறுத்தார்கள், மூன்றாம் முறை கதவைத் தட்டினார்கள். அவர்கள் தட்டியதில் நியாயம் இருந்தது. ஆகவே பொறி மலையேறியது. நெல்லிவாசல்நாட்டில் நண்பரின் தந்தையார் வீட்டுக்குப் பின்னே, மாடுகள் விற்கப்பட்டபின் வெறுமையாய்க் கிடந்த கொட்டகைதான் எங்கள் பட்டறை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளை அதற்கென ஒதுக்கினோம்.

லேசர் எப்படி மரத்தை வெட்டுகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். கூர்மையான ஏதோ ஒன்று மரத்துக்குள் இறங்குவதாக எண்ணுவது இயல்பு. அங்கே கூர்மை கிடையாது, வெம்மை மட்டுமே உண்டு. ஒளிக்கற்றை ஒரு வில்லையின் வழியே வந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கும் இல்லாத புள்ளியில் குவிகிறது. அந்தப் புள்ளியில் மரம் உருகுவதில்லை. மரத்துக்கு உருகுநிலை என்பதே இல்லை. அது சிதைகிறது. மரத்தின் இழைகளுக்கிடையே உள்ள ஹெமிசெல்லுலோஸ் ஏறக்குறைய 220 பாகை செல்சியஸிலும், செல்லுலோஸ் 315 பாகையை ஒட்டியும் சிதையத் தொடங்கும். லிக்னின் என்னும் பொருளோ பிடிவாதக்காரர், நெடிய வெப்ப எல்லையில் மெல்ல மெல்லச் சிதைந்து கரியை விட்டுச் செல்வார். ஒளித்தலை விரைந்து கடந்தால் மேற்பரப்பு பழுப்பாகும், மெல்லக் கடந்தால் கறுக்கும், இன்னும் மெல்லக் கடந்தால் பள்ளமாகும், மேலும் தயங்கினால் அப்புறத்தே வெளிவரும். எழுதுவதும் வெட்டுவதும் ஒரே செயலின் இரு வேகங்கள் என்பது எங்களுக்குப் புதிய செய்தி. எங்கள் பொறியில் மூன்று மில்லிமீட்டர் மென்பலகையை வெட்ட, முழுத்திறனில் நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டர் வேகம் பொருந்துகிறது. அதே பலகையில் எழுத்துப் பொறிக்க, பாதித்திறனும் நிமிடத்துக்கு 3000 மில்லிமீட்டர் வேகமும் போதும்.

இவ்வெண்களை எவரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டா. புதிதாக ஒரு பலகை வந்தால் அதன் ஓரத்தில் சிறுசிறு கட்டங்களை வெவ்வேறு திறனிலும் வேகத்திலும் சுட்டுப் பார்த்துத்தான் அதன் குணம் அறிய வேண்டும். சந்தையில் கிடைக்கும் ஒட்டுப்பலகையில் மரத்தைவிடப் பசை பெரிய சிக்கல். உள்ளடுக்கில் பசை திரண்ட இடத்தில் ஒளி நின்றுவிடும். பைன் மரத்தில் ஆண்டு வளையத்தின் மென்பகுதி ஆழமாகவும் வன்பகுதி மேலோட்டமாகவும் கருகுவதால், ஒரே எழுத்தின் ஒரு கால் கறுத்தும் மறுகால் வெளுத்தும் தோன்றும். பலாவின் மஞ்சளில் பழுப்பு எழுத்து அவ்வளவாக எடுப்பதில்லை. வெட்பாலையோ தந்தம் போல் வெளுத்து, நெருங்கிய இழையோடு இருப்பதால் மயிரிழைக் கோடும் தெளிவாக நிற்கும். சென்னப்பட்டணத்துப் பொம்மைகளுக்கு மரபாக அந்த மரத்தைத்தான் கடைந்தார்கள் என்பதன் காரணம் அதைச் சுட்டுப் பார்த்தபோது விளங்கியது.

லேசரை 1960 மே 16 அன்று முதன்முதலில் இயக்கிக் காட்டியவர் தியோடர் மைமன். ஆலைகளில் மரமும் அக்ரிலிக்கும் வெட்டும் கரியமில வாயு லேசரை 1964இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் குமார் பட்டேல், மராட்டிய மாநிலத்துப் பாராமதியில் பிறந்தவர். நம் ஊர்களில் திருமண அழைப்பிதழை வலைப்பின்னல் போல் வெட்டித் தரும் கடைகளில் அவர் பெயரை அறிந்தவர் இருக்க மாட்டார்கள். அந்த வகையின் ஒளி கண்ணுக்குப் புலப்படாது, அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். எங்களுடையது நீல ஒளி, 455 நானோமீட்டர் அளவினது. ஆகவே அது நிறமற்ற அக்ரிலிக்கினூடே ஒன்றும் செய்யாமல் கடந்து போய்விடும், மரத்தில் மட்டும் வேலை செய்யும். அந்த நீலத்தை உரிய கண்ணாடி இல்லாமல் ஒரு கணமும் பார்க்கலாகாது. பி.வி.சி. நெகிழியை எந்நாளும் சுடலாகாது. அதிலிருந்து எழும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு நுரையீரலையும் அரிக்கும், பொறியையும் அரிக்கும்.

இனி எங்களுள் தமிழ் கற்பிப்பவரின் பங்கு. எழுத்துருக்களைக் கோடுகளாக மாற்றும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் தமிழைத் தட்டெழுதி, அதைப் பாதைகளாக மாற்றி, பொறிக்கு அனுப்ப வேண்டும். பொறித்தல் எளிது. எழுத்தைப் பலகையிலிருந்து வெட்டி எடுத்து, துளையே எழுத்தாக நிற்கும்படி செய்வதுதான் வம்பு. 'க' என்ற எழுத்தை வெட்டினால் அதன் கண்ணுக்குள் இருக்கும் சிறு மரத்துண்டும் பற்றுக்கோடின்றிக் கீழே விழுந்துவிடும். 'ண' இன்னும் மோசம். 'வ' தப்பாது. ஒவ்வொரு சுழிக்கும் ஒரு சிறு பாலம் அமைத்து உள்ளிருக்கும் துண்டை வெளிப்பலகையோடு இணைத்தாக வேண்டும். மாறாக எழுத்தையே தனி உருவாக வெட்டி எடுப்பதானால் சுழி சிக்கலில்லை, புள்ளி சிக்கல். மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் தனியே உதிரும். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பழையோர் புள்ளியிடாமல் எழுதினர் என்பார்கள். ஓலைக்குப் புள்ளி பகையாக இருந்தது, மரத்துக்கும் வேறொரு வகையில் பகையாகவே இருக்கிறது. மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்ததைக் கற்பிக்கும்போது இனி இந்த உதிர்ந்த புள்ளிகளைக் கையோடு எடுத்துச் செல்லலாம்.

சுழியே இல்லாத, பாலமே வேண்டாத ஒரு தமிழ்ச்சொல்லைத் தேடினோம். ப, ட, ர ஆகியவற்றுக்கு உட்கண் கிடையாது, காலுக்கும் கிடையாது. அப்படி அமைந்த சொற்களுள் முதலில் அகப்பட்டது 'பட்டா'. வெட்டினோம், பளிச்சென்று வந்தது. இயற்பியலார் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "எங்கள் மலையில் இவ்வளவு எளிதாகப் பட்டா கிடைத்ததாகச் சரித்திரமே இல்லை" என்றார்.

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆயினும் இக்கட்டுரை எழுத நேர்ந்ததே அந்த வேடிக்கைக்குள் இருக்கும் செய்தியால்தான்.

முதற் சனிக்கிழமை, திருப்பத்தூர் மரக்கடையில் வாங்கிய ஆறு பலகைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பினோம். கடைக்காரர் ரசீது எழுதித் தரவில்லை. சிறு தொகை, அவரும் பொருட்படுத்தவில்லை. நண்பர் விடவில்லை. ரசீதில் மரத்தின் வகை, நீள அகலம், எண்ணிக்கை எல்லாம் எழுதச் சொல்லி, கடை முத்திரையும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டாம் முறையும் அவ்வாறே. அடிவாரத்தில் வனத்துறைக் காவலர் ஒருவர் வண்டியை நிறுத்தி, பலகையைப் பார்த்து, ரசீதையும் பார்த்துவிட்டுச் சிரித்தபடி வழிவிட்டார். மேலிருந்து கீழே மரம் வருவதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். கீழிருந்து மேலே போவதை அன்றுதான் கண்டிருப்பார்.

நண்பரின் தந்தையாரும் அதையே கேட்டார். "என்னா சாரு, மலைக்குப் போயி மரம் ஏத்திக்கினு வரீங்க?" நாங்கள் அவரை ஐயா என்றே அழைப்போம். எழுபது கடந்தவர். ஏர்க்கலப்பையும் உலக்கையும் அகப்பையும் தாமே செதுக்கியவர். பலகையை மோந்து பார்த்தே மரத்தைச் சொல்லிவிடுவார். எங்கள் ஒட்டுப்பலகையை மோந்துவிட்டு மட்டும் ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிட்டார்.

சவ்வாது மலையென்றால் சந்தனம். மரம் தானே முழுதாய் உண்டு வளர்வதன்று. தன் வேர்களை அண்டை மரத்தின் வேர்களில் பொருத்தி ஊட்டம் வாங்கிக்கொள்ளும் அரை ஒட்டுண்ணி. அரசின் சந்தனக் கிடங்கு திருப்பத்தூரில் இருந்தது பற்றியும், அங்கு நடந்த ஏலங்கள் பற்றியும் அவ்வூர்ப் பெரியவர்கள் வாயூறப் பேசுவார்கள். மலைமேல் அந்தப் பேச்சுக்கு வேறு சுவை. தமிழ்நாட்டில் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை, ஒருவர் தம் சொந்த நிலத்தில் தானாக முளைத்த சந்தன மரத்துக்கும் உடைமையாளர் அல்லர், அது அரசுடைமை. வேலியோரம் சந்தனக் கன்று முளைத்தால் நடுங்கிப் பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு என்று ஐயா சொன்னார். மரம் வளர்ந்து, வேறெவனோ இரவில் வெட்டிக்கொண்டு போனால், மறுநாள் விசாரணைக்குப் போகிறவர் நிலத்துக்காரர்.

சந்தனம் அருகியது. பின்பு செம்மரத்தின் காலம் வந்தது. செம்மரம் இந்த மலையில் விளைவதன்று. ஆந்திரத்தின் சேஷாசலம் முதலிய காடுகளுக்கே உரியது. எங்கள் வேங்கைக்கு உடன்பிறப்பு முறையுள்ள இனம். கோடரி பிடிக்கத் தெரிந்த கைகளைத் தேடி இடைத்தரகர்கள் இங்கே வந்தார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல் படையினரால் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலையூர்களிலிருந்து கூலிக்குப் போனவர்களே அவர்களுள் மிகுதி, சவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அதில் அடக்கம். நாளேடுகள் சில வாரம் எழுதின. நண்பரோடு ஆரம்பப் பள்ளியில் ஒரே வரிசையில் அமர்ந்து படித்தவர்களுள் இருவர் ஆந்திரச் சிறைகளில் ஆண்டுகளைக் கழித்துத் திரும்பியிருக்கிறார்கள். அவ்விருவரில் ஒருவர் கொட்டகை வாயிலில் வந்து நின்று பொறி ஓடுவதை நெடுநேரம் பார்த்தார். உள்ளே வரச் சொன்னோம். வரவில்லை. 'மரத்து மேல எழுத்து' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதன் பொருளை ஐயாதான் பிறகு விளக்கினார். மரத்தில் எழுத்தோ எண்ணோ இருந்தால் அது வனத்துறையின் சுத்தியல் முத்திரை, அல்லது வண்ணத்தால் இட்ட கணக்கெண். எழுத்து உள்ள மரத்தைத் தொடக்கூடாது என்பதே இங்கே இரண்டு தலைமுறையாகக் கற்ற பாடம்.

சங்க இலக்கியத்தில் மலையைப் படித்தவர்களுக்கு இது எளிதில் செரிக்காது. மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனாரின் நன்னன் ஆண்ட செங்கண்மா, இன்றைய செங்கம், இம்மலையின் தென்புறத்து அடிவாரத்தில்தான் இருக்கிறது. தேனும் தினையும் பலாவும் விருந்தோம்பலுமாக ஒரு மலையை 583 அடிகளில் கண்ட நாம், அதே மலையின் மேல் நின்று ஒரு பலகையின் ரசீதைப் பத்திரப்படுத்துகிறோம். செங்கத்தைச் சுற்றிக் கிடைத்த நடுகற்களை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு தொல்லியல் துறை நூலாக்கியது. ஆநிரை கவரவும் மீட்கவும் போய் இறந்தவர்களுக்குக் கல்லில் பெயர் பொறித்த நிலம் இது. மரம் வெட்டப் போய் இறந்தவர்களுக்கு எவரும் பெயர் பொறித்ததாகத் தெரியவில்லை. ஒப்புமையை இதற்குமேல் இழுத்தால் அது மேடைப் பேச்சாகிவிடும்.

மலைப்பிள்ளைகளுக்காக ஒன்று செய்யலாம் என்ற எண்ணம் எங்களுக்குத் தொடக்கத்திலேயே இருந்தது. ஊரைச் சுற்றியுள்ள மரங்களின் பெயர்களைச் சிறு பலகைகளில் பொறித்து, மரங்களிலேயே தொங்கவிடுவது. வேங்கை, தான்றி, கடுக்காய், புங்கம், வெட்பாலை, நெல்லி. இன்றைய பிள்ளைகள் கைபேசியில் எல்லாவற்றையும் அறிகிறார்கள், கண்ணெதிரே நிற்கும் தான்றியைக் கேட்டால் விழிக்கிறார்கள். ஆணி அடிக்கக்கூடாது, கயிற்றால் கட்ட வேண்டும், கயிறும் மரம் பருக்கப் பருக்கத் தளர வேண்டும் என்றெல்லாம் திட்டமிட்டு, பதினெட்டுப் பலகைகளுக்கு வரைவும் போட்டாயிற்று. ஐயா கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "நெல்லி மரத்துல பலகை தொங்குச்சின்னா நாளைக்கு ஒருத்தனும் காய் பறிக்க மாட்டான் சாரு. கவருமெண்டு மரம்னு ஒதுங்கிடுவான்" என்றார்.

நாங்கள் இருவரும் சற்று நேரம் பேசவில்லை. படித்தவனுக்கு எழுத்து ஓர் அறிமுகம், இங்கே அது ஒரு தடையாணை. பெயர்ப்பலகை தொங்கிய மறுநாளே நெல்லிவாசல்நாட்டு நெல்லி ஊராருக்கு அந்நியமாகிவிடும். நெல்லியின் பெயரிலேயே ஊர் வைத்துக்கொண்டவர்களுக்கு நெல்லியின் பெயரை எழுதிக் காட்டப் புறப்பட்டோம் என்பது அதைவிட நகைப்புக்குரியது.

ஐயாவே மாற்று வழியும் சொன்னார். அவருடைய பட்டா நிலத்தில் காற்றுக்கு ஒடிந்த கிளைகளிலிருந்து உள்ளங்கையளவு துண்டுகளை அறுத்துத் தருவார், அவற்றில் பெயரைப் பொறித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம். பெயர் மரத்தின்மேல் தொங்காமல் பிள்ளைகளின் கையில் இருக்கும். முகரலாம், எடை பார்க்கலாம், நகத்தால் கீறலாம். ஒரு முகத்தில் மட்டுமே எழுத்து. கவிழ்த்து வைத்தால் மரத்தைப் பார்த்தே பெயர் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் கையெழுத்தின் இடத்தில் பெருவிரல் ரேகை வைப்பவர் என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. இதுவரை பலா, மா, புளி, நெல்லி, புங்கம், வேம்பு என ஆறு துண்டுகள் முடிந்திருக்கின்றன. காட்டிலிருந்து எதையும் எடுப்பதில்லை என்பது நண்பர் வகுத்த விதி. தரையில் கிடக்கும் சுள்ளிக்கும் அது பொருந்தும். வேங்கையும் தான்றியும் ஐயாவின் நிலத்தில் இல்லை. ஆகவே அவை பட்டியலிலும் இல்லை.

பொறி ஓடும்போது ஐயா ஒரு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முக்காலியில் அமர்ந்திருப்பார். ஓடும் பொறியை விட்டு ஒருவரும் அகலக்கூடாது என்று எல்லாக் கையேடுகளும் எச்சரிக்கின்றன. எழுத வாசிக்கத் தெரியாத அவர்தான் அவ்விதியை எங்களைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார். பங்குனி சித்திரையில் காற்று திரும்பும் நாள்களில் பொறியை இயக்க அனுமதியே இல்லை. சருகு காய்ந்த மலைக்கு ஒரு பொறி போதும் என்பது அவர் வாதம். இங்கே பொறி என்று அவர் சொன்னது எந்தப் பொருளில் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

மின்வெட்டும் ஒரு தொல்லை. நடு எழுத்தில் மின்சாரம் போனால் பொறிக்குத் தான் நின்ற இடம் மறந்துவிடும். நண்பர் பலகையின் மூலையைப் பொருத்த ஒரு மரச்சட்டத்தை மேசையில் திருகிவைத்து, மீண்டும் தொடக்கப் புள்ளியைக் கண்டுபிடிக்க வழி செய்திருக்கிறார். 'புங்கம்' என்பதன் 'ங்' இரண்டு தவணையில் பொறிக்கப்பட்டது. உற்றுப் பார்த்தால் மட்டும் இணைப்புத் தெரியும். மாலையில் வேலை முடிந்து வெளியே வந்தால் நல்ல இருட்டு. இதே மலைத்தொடரில் காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியோடு வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் நின்றிருப்பதும் இந்த இருட்டை நம்பித்தான். அங்கே கோடிக்கணக்கான கல் தொலைவிலிருந்து வரும் நலிந்த ஒளியை ஓர் ஆடியில் திரட்டுகிறார்கள், இங்கே பக்கத்து மின்கம்பத்திலிருந்து வரும் ஒளியை ஒரு வில்லையில் குவிக்கிறோம், கணக்கு ஒன்றுதான் என்று இயற்பியலார் தம் பாடத்தைத் தொடங்கிவிடுவார்.

சென்ற மழையில் ஐயாவின் கொல்லைப் பலா ஒன்று சாய்ந்தது. அவரே உடனிருந்து இரண்டு அங்குலக் கனத்தில் பலகைகளாக அறுக்கச் செய்து, கொட்டகையின் நிழலில் இடையிடையே குச்சி கொடுத்து அடுக்கியிருக்கிறார். அதில் என்ன பொறிப்பது என்று கேட்டோம். மகன் பெயரா, மனைவியார் பெயரா, குலதெய்வமா? அவர் பலகையின் ஓரத்தைத் தட்டிப் பார்த்தார். ஓர் அங்குலத்துக்கு ஓராண்டு காய வேண்டுமாம். இரண்டு மழை போகட்டும், அப்புறம் யோசித்துச் சொல்கிறேன், அதுவரை யாரும் இதைத் தொடக்கூடாது என்றார்.